ஆன் த ஃப்ரிஞ்சஸ், சைட்லைன், பியாண்ட் த பேல்: ஓரத்துல நிக்கிறவங்கள இங்கிலீஷ்ல எப்படி சொல்றது? அடிக்கடி வர்ற கேள்விகள்

இங்கிலீஷ் எழுத சொல்லிக்குடுக்குறது என் வேலை. ஐஇஎல்டிஎஸ் எழுதுறவங்க, ஆபீஸ் மெயில் எழுதுறவங்க, வெளிநாட்டு யூனிவர்சிட்டிக்கு அப்ளை பண்றவங்கன்னு யாரா இருந்தாலும் சுத்தி சுத்தி இந்த ஒரு இடத்துல வந்து மாட்டிக்கிறாங்க. ஒருத்தர் நடுவுல இல்ல, ஓரமா இருக்காருன்னு சொல்ல அந்த பாஷையில ஏகப்பட்ட சொல் கிடக்கு, எதை எங்க போடுறதுன்னு தெரியல. ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸப்ல தனித்தனியா டைப் அடிச்சு ஓஞ்சு போயி மொத்தமா இங்க போடுறேன். கேள்விய கேட்டவங்க பாஷையிலயே விட்டிருக்கேன்.

அக்கா, ஆன் த ஃப்ரிஞ்சஸ்னா என்ன? சுருக்கமா சொல்லுங்க.

ஃப்ரிஞ்ச்னா சால்வை, துப்பட்டா முனையில தொங்குமே குஞ்சம், அதுதான். குஞ்சம் துணியோட சேந்ததுதான், ஆனா நெசவுக்குள்ள இல்ல. அதையே ஆளுக்கும் சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க. 'ஹி வாஸ் ஆன் த ஃப்ரிஞ்சஸ் ஆஃப் த குரூப்'னா அந்த கோஷ்டியில இருக்கான், கூட சுத்துறான், ஆனா முக்கியமான பேச்சு நடக்கும்போது அவன யாரும் கூப்பிடுறதில்ல. ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கான்னு நாம சொல்லுவோம்ல, கிட்டத்தட்ட அது.

இதுல பலபேர் கோட்டை விடுறது என்னன்னா, முழுசா வெளிய போனவனுக்கு இந்த சொல் வராது. கட்சிய விட்டு நீக்கிட்டாங்கன்னா அவர் ஃப்ரிஞ்சஸ்ல இல்ல, வெளிய இருக்காரு. கட்சியிலயே இருந்துக்கிட்டு எந்த பொறுப்பும் இல்லாம மேடையில கடைசி வரிசை நாற்காலியில உக்காந்திருந்தா அப்போ சொல்லலாம்.

ஃப்ரிஞ்சா ஃப்ரிஞ்சஸ்ஸா? ஆன் போடணுமா அட் போடணுமா?

ரெண்டும் சரிதான், ஆள பத்தி சொல்லும்போது ஃப்ரிஞ்சஸ்னு பன்மையில அதிகமா வரும். முன்னாடி ஆன் போட்டா எப்பவும் சேஃப், அட்-டும் எழுதுறாங்க, தப்பில்ல. பின்னாடி ஆஃப் போட்டு எதோட ஓரம்னு கண்டிப்பா சொல்லுங்க, சும்மா 'ஹி இஸ் ஆன் த ஃப்ரிஞ்சஸ்'னு விட்டா வாக்கியம் அந்தரத்துல தொங்கும்.

இதே மாதிரி ஓரத்த சொல்ற இன்னொரு சொல் மார்ஜின். அதுக்கு 'ஆன் த மார்ஜின்ஸ் ஆஃப் சொசைட்டி', 'அட் த மார்ஜின்ஸ்' ரெண்டும் புழக்கத்துல இருக்கு. 'இன் த மார்ஜின்'னு எழுதினா மட்டும் நோட்டுல சிவப்பு கோட்டுக்கு இந்தப் பக்கம் கிறுக்குறதுன்னு அர்த்தம் போயிடும்.

அப்போ ஃப்ரிஞ்ச், மார்ஜின், சைட்லைன் எல்லாம் ஒண்ணுதானே? டிக்‌ஷனரியில எல்லாத்துக்கும் ஓரம்னுதான் போட்டிருக்கு.

ஓரம்ங்கிறது சரி. ஆனா அந்த ஓரத்துக்கு அவர் எப்படி வந்தாரு, அங்க நின்னு என்ன பண்றாருங்கிறதுலதான் வித்தியாசமே. நான் எல்லார்கிட்டயும் கேக்குறது ஒரே கேள்விதான்: யாரு தள்ளினா?

யாரும் தள்ளல, அவர் அங்க இருக்காரு அவ்வளவுதான், இல்ல அவருக்கே அதுதான் புடிச்சிருக்குன்னா ஃப்ரிஞ்சஸ். சமூகமோ அரசாங்கமோ காலங்காலமா ஒரு கூட்டத்தையே தள்ளி வச்சிருக்குன்னா மார்ஜின்ஸ். ஆட்டத்துல ஆடிக்கிட்டு இருந்தவர இறக்கி உக்கார வச்சிட்டாங்கன்னா, இல்ல அவரே இறங்காம வேடிக்கை பாக்குறாருன்னா சைட்லைன்ஸ். அவர் பண்ண காரியம் சகிக்க முடியாத அளவுக்கு போயிடுச்சுன்னா பியாண்ட் த பேல், ஆனா அது ஆள் எங்க நிக்கிறாருங்கிறத பத்தினதே இல்ல, கீழ தனியா வருது. இந்த ஒரு பதில மனசுல வச்சுக்கிட்டா மீதி கேள்வியில பாதிக்கு நீங்களே பதில் சொல்லிடுவீங்க.

பேப்பர்ல ஃப்ரிஞ்ச் எலிமென்ட்ஸ்னு போடுறாங்களே, அது திட்டுதானே? அப்புறம் எப்படி சாதாரணமா யூஸ் பண்றது?

ஆமா, அது திட்டுதான். கலாட்டா பண்ணவங்க எங்க ஆளே இல்ல, ஏதோ ஓரத்துல இருக்குற கும்பல்னு கழட்டி விடுறதுக்கு நம்ம ஊர் அரசியல்வாதிகளுக்கு ரொம்ப வசதியான சொல். எலிமென்ட்ஸ், குரூப், பார்ட்டி, தியரி மாதிரி பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி ஃப்ரிஞ்ச் ஒட்டிக்கிட்டா பெரும்பாலும் கொஞ்சம் இளக்காரம் வந்துடும். 'ஆன் த ஃப்ரிஞ்சஸ் ஆஃப்'னு வரும்போது அந்த இளக்காரம் இல்ல.

இதுக்கு ஒரு பெரிய மனுஷனும் காரணம். 1913ல நியூயார்க்ல ஆர்மரி ஷோன்னு ஒரு ஓவிய கண்காட்சி, ஐரோப்பாவோட நவீன ஓவியத்த அமெரிக்க ஜனங்க மொத்தமா பாத்தது அதுலதான். அத பாக்கப்போன முன்னாள் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் ஒரு கட்டுரை எழுதினாரு, அதுல க்யூபிஸ்ட், ஃப்யூச்சரிஸ்ட் ஓவியருங்கள 'லூனடிக் ஃப்ரிஞ்ச்'னு போட்டு தாக்கினாரு, கிறுக்கு கோஷ்டின்னு வச்சுக்கோங்களேன். அந்த படத்துக்கு எங்க வீட்டு பாத்ரூம்ல கிடக்குற நவஹோ பழங்குடி கம்பளம் எவ்வளவோ மேல்னு வேற எழுதினாரு. அந்த லூனடிக் ஃப்ரிஞ்ச் அப்புறம் அரசியலுக்கு வந்து ஒட்டிக்கிச்சு, ஓவியத்த எல்லாரும் மறந்துட்டாங்க. அந்த கிறுக்கு கோஷ்டி படமெல்லாம் இன்னைக்கு எந்த மியூசியத்துல எந்த விலைக்கு தொங்குதுன்னு ரூஸ்வெல்ட் பாத்திருந்தா நல்லா இருந்திருக்கும்.

அவ்வளவு கேவலமான சொல்லா இருந்தா எடின்பரோவுல அவ்வளவு பெரிய நாடக விழாவுக்கு ஏன் ஃப்ரிஞ்ச்னு பேரு?

கேவலம்னு நான் சொல்லல, இளக்காரம்னு சொன்னேன், அதுவும் சில இடத்துல மட்டும். எடின்பரோ கதை இந்த சொல்லுக்கே கிடைச்ச நல்ல காலம். 1947ல, போர் முடிஞ்சு ரெண்டு வருஷத்துல, ஸ்காட்லாந்துல எடின்பரோ சர்வதேச கலை விழா ஆரம்பிச்சாங்க. அதுக்கு அழைப்பே இல்லாம 8 நாடகக் குழு வந்து இறங்கிடுச்சு. விழா அரங்கம் கிடைக்காதுல்ல, கிடைச்ச சின்ன இடத்துல அவங்க பாட்டுக்கு நாடகம் போட்டாங்க. அடுத்த வருஷம் 1948ல ராபர்ட் கெம்ப்னு ஒரு நாடக ஆசிரியர், அதிகாரபூர்வ விழாவோட ஃப்ரிஞ்ச்ல தனியார் முயற்சி நிறைய நடக்குதுன்னு எழுதினாரு. பேரு நின்னுடுச்சு.

1958ல ஃப்ரிஞ்ச் சொசைட்டின்னு சங்கமே வச்சுக்கிட்டாங்க. அங்க முக்கியமான விஷயம், எந்த குழு நாடகம் போடலாம்னு தேர்வுக் குழு எதுவும் முடிவு பண்றதில்ல, இடம் புடிச்சா யார் வேணா போடலாம். இன்னைக்கு உலகத்துலயே பெரிய கலை விழாக்கள்ல அதுவும் ஒண்ணு, மூல விழாவ விட ஓரம் பெருசாயிடுச்சு. அதனால கலை சம்பந்தமா ஃப்ரிஞ்ச் தியேட்டர், ஃப்ரிஞ்ச் ஆர்ட்டிஸ்ட்னு வந்தா அத திட்டா எடுத்துக்காதீங்க, பெரிய பேனர் இல்லாம தைரியமா எதையோ பண்றாங்கன்னு அர்த்தம்.

ஹெச்ஆர் ஃப்ரிஞ்ச் பெனிஃபிட்ஸ்னு சொல்றாங்களே, அதுல யாரு ஓரத்துல இருக்கா?

அதுல ஆள் இல்ல, சம்பளம்தான் துணி, மத்ததெல்லாம் குஞ்சம். ரெண்டாம் உலகப்போர் சமயத்துல அமெரிக்க அரசாங்கம் கூலி உயர்வுக்கு கடிவாளம் போட்டுச்சு. ஆள் கிடைக்காம தவிச்ச கம்பெனிங்க சம்பளத்த ஏத்த முடியலன்னு இன்சூரன்ஸ், பென்ஷன்னு பக்கவாட்டுல குடுக்க ஆரம்பிச்சாங்க, அப்போ பரவுன சொல் இது. நம்ம ஊர்லயும் 2005 பட்ஜெட்ல ப.சிதம்பரம் ஃப்ரிஞ்ச் பெனிஃபிட் டாக்ஸ்னு ஒண்ணு கொண்டுவந்தாரு, 2009 பட்ஜெட்ல பிரணாப் முகர்ஜி அத எடுத்துட்டாரு. அப்போ அக்கவுண்ட்ஸ்ல வேலை பாத்தவங்க கிட்ட அந்த பேர சொல்லிப்பாருங்க, இன்னும் மூஞ்சி மாறும்.

மார்ஜினலைஸ்ட் பீப்பிள்னு எழுதணுமா, பீப்பிள் ஆன் த மார்ஜின்ஸ்னு எழுதணுமா? எக்ஸாம்ல எது நல்லது?

யாரு தள்ளினான்னு மேல கேட்டேன்ல, அத இங்க போட்டு பாருங்க. மார்ஜினலைஸ்ட்னா வேற யாரோ தள்ளியிருக்காங்கன்னு அந்த சொல்லுக்குள்ளயே இருக்கு, அது செயப்பாட்டு வினையிலேர்ந்து வந்தது. ஆன் த மார்ஜின்ஸ்னா இடத்த மட்டும் சொல்லுது, யாரு பண்ணாங்கிறத சொல்லாம நழுவிடுது. சாதி, தீண்டாமை, நிலத்துலேர்ந்து விரட்டுனது மாதிரி விஷயம் எழுதும்போது மார்ஜினலைஸ்ட் தான் நேர்மையான சொல். முடிஞ்சா அதோட நிறுத்தாம, யாரால, எப்படின்னு அடுத்த வாக்கியத்துல எழுதுங்க. பட்டியலின மக்கள பத்தி எழுதணும்னா ஷெட்யூல்ட் காஸ்ட்ஸ், தலித்துன்னு நேரா எழுதுங்க. பொத்தாம்பொதுவா மார்ஜினலைஸ்ட் கம்யூனிட்டீஸ்னு போட்டா யார சொல்றீங்கன்னே தெரியாது.

தயவுசெஞ்சு ஃப்ரிஞ்ச் பீப்பிள்னு மட்டும் எழுதிடாதீங்க. அது அவங்கள கலாட்டா கும்பல் பக்கத்துல கொண்டுபோயி நிறுத்திடும்.

சோஷியாலஜி புக்ல மார்ஜினல் மேன்னு வருது. விளிம்புநிலை மனிதர்னு எழுதிக்கிட்டேன், சரியா?

பாதி சரி. அது 1928ல ராபர்ட் பார்க்னு சிகாகோ சமூகவியலாளர் வச்ச பேரு. அவர் சொன்னது ரெண்டு சமூகத்துக்கு நடுவுல, எதுலயும் முழுசா சேராம நிக்கிற ஆள, உதாரணமா குடியேறி வந்தவங்க, கலப்புல பொறந்தவங்க. தமிழ்ல விளிம்புநிலைன்னா நமக்கு உடனே ஒடுக்கப்பட்டவங்க ஞாபகம் வருது, அவர் சொன்னது அதில்ல. பரீட்சையில எழுதும்போது ரெண்டு பண்பாட்டுக்கு இடையில நிக்கிறவர்னு ஒரு வரி விளக்கம் சேத்துடுங்க.

மார்ஜினல் ஃபார்மர்னா விளிம்புநிலை விவசாயின்னு மொழிபெயர்த்தேன், சார் அடிச்சிட்டாரு. ஏன்?

அடிச்சது சரிதான். அது அரசாங்க கணக்கு சொல், 1 ஹெக்டேர், அதாவது சுமார் 2.5 ஏக்கருக்கு கீழ நிலம் இருக்கிறவர்தான் மார்ஜினல் ஃபார்மர். 1லேர்ந்து 2 ஹெக்டேர் வரைக்கும் ஸ்மால் ஃபார்மர். நம்ம தாலுகா ஆபீஸ்ல சிறு குறு விவசாயி சான்றிதழ்னு வாங்குறோமே, அதுல வர்ற குறு விவசாயி இவருதான். ஊர்ல மதிப்பா இருக்குறவர் கூட குறு விவசாயியா இருக்கலாம், இங்க அளவு நிலத்துக்கு, ஆளுக்கு இல்ல.

சென்சஸ்ல வர்ற மார்ஜினல் வொர்க்கரும் இதே மாதிரிதான், வருஷத்துல 6 மாசத்துக்கு கம்மியா வேலை பாத்தவர்னு அர்த்தம். மார்ஜினல் இன்க்ரீஸ்னா சொற்பமா ஏறியிருக்கு. பிரிட்டன் எலெக்‌ஷன்ல மார்ஜினல் சீட்னா கொஞ்ச ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்ச தொகுதி, அது ஓரத்துல கிடக்குற தொகுதியே இல்ல, எல்லா கட்சியும் காசையும் ஆளையும் அங்கதான் கொட்டும்.

ஆன் மார்ஜின், அட் த மார்ஜின், ஆன் த மார்ஜின்ஸ்... தலை சுத்துது மேம்.

ஷேர் மார்க்கெட்காரங்க ஆன் மார்ஜின்னு சொன்னா புரோக்கர் கிட்ட கடன் வாங்கி ஷேர் வாங்குறது, நடுவுல 'த' கிடையாது. எகனாமிக்ஸ்காரங்க அட் த மார்ஜின்னு ஒருமையில சொன்னா இன்னும் ஒண்ணு கூடுதலா செஞ்சா என்ன ஆகும்ங்கிற கணக்கு, அஞ்சாவது இட்லி சாப்பிட்டா எவ்வளவு திருப்திங்கிற மாதிரி. பன்மையில 'ஆன் த மார்ஜின்ஸ் ஆஃப்'னு வந்தாதான் நம்ம விஷயம். ஒரு எஸ்ஸும் ஒரு 'த'வும் இடம் மாறினா ஏழை கடன்காரனாயிடுவான், பாத்து எழுதுங்க.

என் மேனேஜர் என்ன சைட்லைன் பண்ணிட்டாரு. மெயில்ல அப்படியே எழுதலாமா?

இலக்கணம் சரி. ஓரங்கட்டிட்டாருங்கிறதுக்கு சரியான சொல்லும் அதுதான். அமெரிக்க ஃபுட்பால்ல மைதானத்தோட பக்கவாட்டு கோடுதான் சைட்லைன், ஆட்டத்துலேர்ந்து வெளிய எடுக்கப்பட்ட ஆட்டக்காரர் அந்த கோட்டுக்கு வெளியதான் நிக்கணும், டீம்ல பேர் இருக்கும், கையில பந்து இருக்காது.

ஆனா மெயில்ல போடுறதுக்கு முன்னாடி யோசிங்க, ஏன்னா அது குற்றச்சாட்டு. அவர் வேணும்னு பண்ணாருன்னு நீங்க எழுத்துல குடுக்குறீங்க. 'போன மாசத்துலேர்ந்து ரிவ்யூ கால்ல என்ன சேக்கல, என் கிளையண்ட்ட வேற ஆளுக்கு மாத்திட்டாங்க'ன்னு நடந்தத மட்டும் எழுதுங்க, சைட்லைன்ங்கிற முடிவுக்கு படிக்கிற ஹெச்ஆரே வரட்டும். அதுல பலம் ஜாஸ்தி. கிரிக்கெட் செய்தியில ஒரு பௌலர் சைட்லைன்ட்னு வந்தா பெரும்பாலும் காயத்தால ஆடலன்னுதான், அங்க யாரும் சதி பண்ணல.

ரெண்டு பிரதமர் ஆன் த சைட்லைன்ஸ் ஆஃப் த சம்மிட் சந்திச்சாங்கன்னு நியூஸ் வருது. பிரதமரையே ஓரங்கட்டிட்டாங்களா?

இத கேக்காத பேட்சே கிடையாது. ஓரங்கட்டப்பட்டது அங்க மாநாடுதான்! பெரிய மாநாட்டுக்கு வந்த தலைவருங்க, மாநாட்டு நிகழ்ச்சிநிரல்ல இல்லாம தனியா உக்காந்து பேசிக்கிறத அப்படி சொல்லுவாங்க. நம்ம தமிழ் பேப்பர்ல மாநாட்டுக்கு இடையேன்னு போடுறாங்க, அது நல்ல மொழிபெயர்ப்பு. ஆன் த மார்ஜின்ஸ் ஆஃப்னும் இதே அர்த்தத்துல ராஜதந்திரிங்க எழுதுவாங்க, அப்போ ஒடுக்கப்பட்டவங்க கதைய உள்ள கொண்டு வராதீங்க.

2009 ஜூலையில எகிப்தோட ஷார்ம் எல் ஷேக்ல அணிசேரா நாடுகள் மாநாடு. அதுக்கு இடையில மன்மோகன் சிங்கும் பாகிஸ்தான் பிரதமர் கிலானியும் சந்திச்சு ஒரு கூட்டறிக்கை விட்டாங்க, அதுல பாகிஸ்தான் மாகாணமான பலுசிஸ்தான் பேரு வந்துடுச்சு, டெல்லியில பார்லிமென்ட்டே அமளியாச்சு. மாநாட்டுல என்ன தீர்மானம் போட்டாங்கன்னு இன்னைக்கு யார கேட்டாலும் தெரியாது.

பியாண்ட் த பேல்னா வெளிறிப்போன கலருக்கும் அந்தப்பக்கமா?

எழுத்து ஒண்ணுதான், சொல் வேற. இந்த பேல் லத்தீன்ல பாலுஸ்ங்கிற சொல்லுலேர்ந்து வந்தது, மண்ணுல அடிக்கிற முளைக்குச்சி. குச்சி வரிசையா நட்டா வேலி, வேலிக்குள்ள இருக்குற நிலத்துக்கும் அதே பேரு. வாளிக்கு வர்ற பெயில் ஸ்பெல்லிங்க போட்டு எழுதுறவங்க வெள்ளைக்காரங்கள்லயே நிறைய பேர் உண்டு, நீங்க அத காப்பி பண்ணாதீங்க.

தமிழ்ல வரம்பு மீறிட்டாருன்னு சொல்றோம்ல, அச்சு அசலா அதுதான். வரம்பும் வயல் வரப்புதானே. அதனால இத ஆள் ஏழைன்னோ ஒதுங்கி இருக்காருன்னோ சொல்ல பயன்படுத்தக் கூடாது. 'தி ட்ரைப் லிவ்ஸ் பியாண்ட் த பேல்'னு ஒரு மாணவர் கட்டுரையில பாத்தேன், அவர் சொல்ல வந்தது மலையில தள்ளி இருக்காங்கன்னு, வாக்கியம் சொல்றது அவங்க மனுஷத்தன்மையே இல்லாதவங்கன்னு. நடத்தைக்கு மட்டும் போடுங்க: மேடையில அவர் பேசினது பியாண்ட் த பேல், அந்த ஜோக் பியாண்ட் த பேல்.

அது அயர்லாந்துலேர்ந்து வந்த சொல்னு யூடியூப்ல பாத்தேன், உண்மையா?

அயர்லாந்துல த பேல்னு ஒரு இடம் இருந்தது உண்மை. டப்ளின சுத்தி லவுத், மீத், கில்டேர் பக்கமெல்லாம் சேத்து இங்கிலாந்து ராஜாவோட ஆட்சி நிஜமா செல்லுபடியான பகுதி அது. ஐரிஷ்காரங்க தாக்குதல தடுக்க எல்லையில ரெட்டை பள்ளமும் மண்மேடும் போடணும்னு 1494ல ட்ரோஹெடாவுல கூடுன பார்லிமென்ட் உத்தரவே போட்டுச்சு. இன்னைக்கும் டப்ளின்காரங்கள பேல் உள்ள இருக்குறவங்கன்னு மத்த ஊர்க்காரங்க கிண்டல் பண்ணுவாங்க. பிரான்ஸ்ல கலே துறைமுகத்த சுத்தியும் 1558 வரைக்கும் இங்கிலீஷ்காரங்க ஒரு பேல் வச்சிருந்தாங்க.

ஆனா இந்த மரபுத்தொடர் அங்கேர்ந்துதான் பொறந்துச்சுங்கிறதுக்கு ஆதாரம் இல்ல. தொடர் எழுத்துல தட்டுப்படுறது 17ஆம் நூற்றாண்டுல, அதுக்கு முன்னாடியே பேல்ங்கிறதுக்கு எல்லைங்கிற பொது அர்த்தம் வந்துடுச்சு. கதை ருசியா இருக்குன்னு யூடியூப்காரங்க விடமாட்டேங்குறாங்க.

இன்னொரு பேல் இருக்கு, அத தெரிஞ்சுக்கணும். ரஷ்யாவுல 1791ல ரெண்டாம் கேத்தரின் காலத்துல ஆரம்பிச்ச பேல் ஆஃப் செட்டில்மென்ட், யூதர்கள் அந்த பேரரசோட மேற்குப் பகுதிக்குள்ளதான் குடியிருக்கணும்னு போட்ட எல்லை, 1917 வரைக்கும் இருந்துச்சு. அயர்லாந்துல வேலிக்குள்ள இருந்தவன் ராஜா ஆளு. ரஷ்யாவுல வேலிக்குள்ள இருந்தவன்தான் ஒதுக்கப்பட்டவன். வேலி எந்தப் பக்கத்துக்குன்னு போட்டவன்தான் முடிவு பண்ணியிருக்கான், மறுபடி யாரு தள்ளினாங்கிற கேள்விதான்.

ஆன் எட்ஜ், ஆன் த எட்ஜ் ரெண்டும் இந்த லிஸ்ட்ல வருமா?

ஆன் எட்ஜ் வராது, அது பதட்டமா, சிடுசிடுன்னு இருக்குறது. ஆன் த எட்ஜ் ஆஃப் சொசைட்டி வரும், ஃப்ரிஞ்சஸ் மாதிரியேதான். அவுட்ஸ்கர்ட்ஸ்னா ஊருக்கு ஒதுக்குப்புறம், அது ஊருக்கு மட்டும்தான். 'அவுட்ஸ்கர்ட்ஸ் ஆஃப் மை ஆபீஸ் டீம்'னு எழுதாதீங்க.

பேக்பெஞ்சர்னா கடைசி பெஞ்ச் பையன்தானே? வெளிநாட்டுக்காரங்க கிட்ட சொன்னா முழிக்கிறாங்க.

முழிப்பாங்க. பிரிட்டன்ல பேக்பெஞ்சர்னா மந்திரி பதவியோ கட்சியில முன்வரிசை பொறுப்போ இல்லாத எம்பி. நீங்க 'ஐ வாஸ் எ பேக்பெஞ்சர்'னு பெருமையா சொன்னா எந்த தொகுதின்னு கேப்பாங்க. கடைசி வரிசையில உக்காந்து அரட்டை அடிச்சேன்னு விளக்கமா சொல்லிடுங்க.

எஸ்ஓபில என்ன பத்தி நானே ஐ க்ரூ அப் ஆன் த மார்ஜின்ஸ்னு எழுதிக்கலாமா?

எஸ்ஓபின்னா யூனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ணும்போது நம்மள பத்தி நாமளே எழுதுற கட்டுரை. அதுல எழுதலாம், ஆனா அந்த ஒரு வரிய நம்பி விட்டுடாதீங்க. படிக்கிறவர் மேசையில அதே வரி இன்னும் நிறைய கிடக்கும். எங்க வளந்தீங்க, பஸ் எவ்வளவு தூரத்துல நின்னுச்சு, வீட்டுல முதல்ல காலேஜ் போனது நீங்களா, இங்கிலீஷ்ல பேச யாரு இருந்தாங்க, இத எழுதுங்க. எழுதி முடிச்சதும் ஆன் த மார்ஜின்ஸ் வரிய எடுத்துட்டு படிச்சுப்பாருங்க, ஒண்ணும் குறையலன்னா எடுத்தது எடுத்ததாவே இருக்கட்டும்.

நீங்களா விரும்பி ஒதுங்கி இருந்த கதைன்னா, உதாரணமா காலேஜ்ல எந்த கோஷ்டியிலயும் சேராம லைப்ரரியில கிடந்தேன்னா, அங்க ஃப்ரிஞ்சஸ் போடுங்க. அதுக்கு மார்ஜின்ஸ் போட்டா உங்கள யாரோ ஒடுக்குன மாதிரி ஆயிடும், இன்டர்வியூல அத பத்தி கேட்டா பதில் சொல்ல முடியாம மாட்டிப்பீங்க.